பேனரின் நாலாவது மூலை

பின்னால் வெள்ளை வேன் ஏதாவது வந்தால் சொல்லுங்க அக்கா. நீங்கதானே சன்னலோரம் இருக்கீங்க. முன்கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் மில் பேர் போட்டிருக்கும். என்ன மில் என்று கேட்காதீங்க. அதற்கு நான் எதற்கு விளம்பரம் பண்ண வேண்டும்? பண்ணினவரைக்கும் போதும்.

போலீஸ் கேஸ் ஒன்றும் இல்லை. யாரையும் நம்பி ஓடி வரவும் இல்லை. ஒரு பொம்பளப்பிள்ளை தனியாகப் பையோடு பஸ் ஏறினால் உங்களுக்கு இந்த ரெண்டுதான் தோன்றுமா? சரி, கோவிச்சுக்காதீங்க. என் வாய் அப்படித்தான். எங்கள் ஹாஸ்டல் வார்டனும் அதைத்தான் சொல்வார், "முத்துப்பேச்சி, உனக்கு வாயில பிரேக் இல்ல" என்று.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை சென்னையில் மாரத்தான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். அதில் என் பேருக்கு ஒரு நம்பர் இருக்கிறது. பேரும் நம்பரும் அச்சடித்து, நெஞ்சில் ஊக்கு வைத்துக் குத்திக்கொள்கிற மாதிரி தருவார்கள். அது இல்லாமல் ஓட முடியாது. இன்றைக்கும் நாளைக்கும் ஒரு மண்டபத்தில் வைத்துக் கொடுக்கிறார்கள். என் நம்பரை வாங்க நானும் போகிறேன், அந்த வேனும் வருகிறது. யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு. ஒருதடவை கொடுத்துவிட்டால் அப்புறம் நானே நேரில் நின்று அழுதாலும் கிடையாது.

என் நம்பரை அவர்கள் எதற்கு வாங்க வேண்டும் என்கிறீங்களா? அதைச் சொன்னால் உங்களுக்கே கோபம் வரும். வர வேண்டும்.

நான் பத்தாவதில் கணக்கில் போனவள். மறுபடி எழுது, மறுபடி எழுது என்று எல்லோரும் சொன்னார்கள். தோற்ற பரீட்சையை எதற்குத் திரும்ப எழுத வேண்டும்? எனக்குப் பொறுமை கிடையாது. மில்லுக்கு வந்துவிட்டேன். சைடர் வேலை. சைடர் என்றால், நூல் சுற்றுகிற மெஷின் வரிசையாக இருக்கும், ரெண்டு வரிசைக்கு நடுவில் ஷிப்ட் முழுக்க நடந்துகொண்டே இருக்க வேண்டும். எங்கே இழை அறுந்தாலும் ஓடிப்போய் ஒட்ட வேண்டும். நின்றால் சூப்பர்வைசர் வருவார். அப்படி நடந்த காலுக்கு ஓட்டம் ஒரு பெரிய விஷயமே இல்லை.

தங்கல் ஹாஸ்டலில். நல்ல ஹாஸ்டல்தான், சாம்பாரில் காய்கூட இருக்கும். ஆனால் கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள். மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகலாம், அதுவும் வார்டன் முன்னால், வாட்ச்மேன் பின்னால். நடுவில் நாங்கள், அங்கன்வாடிப் பிள்ளைகள் மாதிரி.

போன வருஷம் ஹெச்.ஆர். ஆபீசராக பிரசன்னா சார் வந்தார். அவருக்கு ஓட்டப் பைத்தியம். அவர் ரூம் ஆணியில் மாட்டு மணி மாதிரி மெடலாகத் தொங்கும். அவர்தான் முதலாளியிடம் பேசி, மில் பிள்ளைகள் நாலு பேரைச் சென்னையில் ஃபுல் மாரத்தான் ஓட வைக்கிறேன், பேப்பரில் படம் வரும், மில்லுக்கு நல்ல பேர் என்று சம்மதிக்க வைத்தார். மில்லைப் பற்றி வெளியே என்னென்னவோ பேச்சு, அதனால் முதலாளிக்கு அந்த நல்ல பேர் தேவையாக இருந்தது. ஃபுல்லுக்குப் பதினெட்டு வயசு முடிந்திருக்க வேண்டும். முடிந்தவர்களில் நாலு பேரைப் பொறுக்கினார். நான், ஜெனிட்டா, சுடர்க்கொடி, பாண்டீஸ்வரி.

ஜெனிட்டா என் ரூம். என் கட்டிலுக்கு எதிர்க்கட்டில். அவளைப் பற்றித்தான் சொல்லவே வந்தேன்.

முதலில் காம்பவுண்டுக்குள் ஓடினோம். கேட்டிலிருந்து பாய்லர், பாய்லரிலிருந்து கேண்டீன், கேண்டீனிலிருந்து கேட். மூக்கெல்லாம் பஞ்சு. அப்புறம் தூரம் போதவில்லை என்று ஒருநாள் சார் கேட்டைத் திறக்கச் சொன்னார். முன்னால் அவர் பைக், பின்னால் வாட்ச்மேனின் மொபெட். அது கிடக்கட்டும். நாலுவழிச் சாலையில் ஏறியதும் நேராக இருக்கிறது அக்கா ரோடு. எங்கேயும் திரும்பச் சொல்லவில்லை. மில்லுக்குள் எந்தப் பக்கம் நடந்தாலும் மெஷின் முடிந்ததும் திரும்ப வேண்டும். அன்றைக்கு நான் திரும்பவே இல்லை. சார் பைக்கைத் தாண்டிப் போய்விட்டேன். வாட்ச்மேன் ஹாரன் அடித்துக்கொண்டே துரத்தினார்.

"ஏ புள்ள! மெட்ராஸுக்கு இன்னைக்கே போறியா?"

ஜெனிட்டா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்தால் ஓட முடியாது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்போதிலிருந்தே அவளுக்கு இந்த நிற்கிற பழக்கம்.

சென்னைக்கு முன்னால் மதுரையில் ஒரு ஹாஃப் மாரத்தான் போட்டார்கள். இருபத்தொன்று. அதைப் பயிற்சிக்காக ஓட வேண்டும் என்றார் சார். நாலு பேரையும் கேண்டீனில் உட்கார வைத்துச் சொன்னார்.

"இது ரேஸ் இல்லம்மா. ஃபுல்லுக்கு ஒத்திகை. ஃபுல்ல எந்த வேகத்துல ஓடப்போறமோ அந்த வேகம்தான். நாலு பேரும் ஒண்ணாப் போகணும், ஒண்ணா வரணும். கடைசி நூறு மீட்டர்ல நான் பேனர் தருவேன். ஆளுக்கு ஒரு மூலை. சிரிச்ச முகமா கோட்டத் தாண்டணும். முதலாளி அங்க நிப்பாரு. போட்டோகிராபர் நிப்பாரு."

நான் கேட்டேன், "அப்ப யாரு ஜெயிக்கிறது சார்?"

"மில்லு ஜெயிக்கும்."

"மில்லுக்குக் காலு இருக்கா சார்?"

ஜெனிட்டா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். எப்பவும் இப்படித்தான், நான் வாயைத் திறந்தால் மிதிப்பாள்.

டீ-ஷர்ட் வந்தது. மஞ்சள். நெஞ்சு முழுக்க மில் பேர். அத்தனை மெடல் வாங்கின மனுஷனுக்கு ஒரு விஷயம் தோன்றவில்லை பாருங்க. நெஞ்சில்தானே நம்பரைக் குத்த வேண்டும்? குத்தினால் மில் பேர் மறைந்துவிடும். மதுரையில் விடியாத இருட்டில் வேனை விட்டு இறங்கின பிறகுதான் அவருக்கு உறைத்தது. "கீழ குத்துங்க, வயித்துக்குக் கீழ குத்துங்க" என்று எங்களைச் சுற்றி ஓடினார். மற்ற மூணு பேரும் தாவாங்கட்டை நெஞ்சில் இடிக்க, கோழி மாதிரி குனிந்து குனிந்து கீழே குத்திக்கொண்டார்கள். நானும் முதலில் கீழேதான் குத்தினேன். அதைப் பார்த்து, ஓட்டம் தொடங்குகிற கோட்டுக்கிட்டே நின்ற ஒரு அண்ணன், "நெஞ்சுல குத்தும்மா, அப்பத்தான் நம்பர் தெரியும்" என்றார். மாற்றிக் குத்தினேன். எனக்கு நம்பர் தெரிய வேண்டும். தப்பா?

எத்தனை சனம் என்கிறீங்க! ஒருபக்கம் செண்டை மேளம், ஒருபக்கம் மேடை போட்டு டான்ஸ். தொப்பை வைத்த தாத்தாவெல்லாம் அரை டிராயரோடு ஆடுகிறார். ஜெனிட்டா மட்டும் ஒரு ஓரமாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள், மாதா மாதம் அவளுக்கு அப்படித்தான். மாத்திரை போட்டிருந்தாள். "வரலன்னு சொல்லிரவா?" என்று என்னிடம் கேட்டாள். "நீ வரலன்னா நாலு பேர் கணக்கு போயிரும், எங்களையும் விடமாட்டாரு. சும்மா வா" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்?

ஓட ஆரம்பித்தோம். ஓட்டமா அது? கல்யாண ஊர்வலம். சுடர்க்கொடிக்கு மூச்சு, பாண்டீஸ்வரிக்கு லேஸ் அவிழ்ந்துபோச்சு, நிற்க வேண்டும். ஒருத்தி தண்ணீர் குடித்தால் நாலு பேரும் நிற்க வேண்டும். பக்கத்தில் ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். டான்ஸ் ஆடின தாத்தா எங்களைத் தாண்டிப் போகும்போது, "வாங்க பாப்பா வாங்க" என்று கை காட்டுகிறார். எனக்கு எப்படி இருக்கும்? கால் இரண்டும் கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி துடிக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தேன். ஒன்பது பத்து கிலோமீட்டர் பல்லைக் கடித்தேன் அக்கா. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு மேம்பாலம் வந்தது. ஏற்றத்தில் சுடர்க்கொடியும் பாண்டீஸ்வரியும் பின்னால் தங்கிவிட்டார்கள். நானும் ஜெனிட்டாவும் மேலே ஏறினோம். உச்சியில் அவள் அப்படியே பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. உதடெல்லாம் சுண்ணாம்பு.

"எந்திரி ஜெனி, இன்னும் பாதிதான்."

"முடியலடி."

"சாருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். எந்திரி."

அவள் என் காலைப் பார்த்தாள். நான் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தேன் போல. நின்றால் கால் இறுகிவிடும், அதற்காக.

"நீ போ பேச்சி," என்றாள்.

போ என்றாள். போனேன். இதில் என்ன இருக்கிறது? இரு என்று சொல்லியிருந்தால் இருந்திருப்பேன். வாயில் ஒன்று வைத்துக்கொண்டு மனதில் ஒன்று வைத்தால் எனக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பாலத்து இறக்கத்தில் இறங்கினேன் பாருங்க, அதை உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. முன்னால் போன எல்லாரும் ஒவ்வொருத்தராக எனக்குப் பின்னால் வந்தார்கள். தாத்தாவைத் தாண்டினேன். வாட்ச் கட்டின ஆட்களைத் தாண்டினேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அக்காவைத் தாண்டினேன். தண்ணீர் கொடுக்கிற பையன்கள் "ரெண்டாவது லேடி! ரெண்டாவது லேடி!" என்று கத்தினார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான். கோடு வந்தபோது எனக்குக் கோபம் வந்தது. அதற்குள் முடிந்துவிட்டதே என்று. இன்னொரு இருபத்தொன்று அப்போதே கொடுத்திருந்தால் ஓடியிருப்பேன்.

மெடல் போட்டார்கள். பேப்பர்க்காரர் ஒருத்தர் படம் எடுத்தார். முதலாளி அங்கேதான் நின்றார், வெள்ளைச் சட்டை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். "நான் நம்ம மில்லு சார்" என்றேன். அவர் என் நெஞ்சில் இருந்த நம்பரைப் பார்த்தார், என் தலைக்கு மேலே ரோட்டைப் பார்த்தார்.

"மத்தவங்க எங்கம்மா?"

ஒரு மணி நேரம் போல அங்கேயே நின்றேன். அப்புறம் மில் கூட்டி வந்த போட்டோகிராபர் என் தோளைத் தொட்டு, "கொஞ்சம் தள்ளி நில்லும்மா, நம்ம டீம் வருது, மறைக்குது பாரு" என்றார்.

தள்ளி நின்றேன். நம்ம டீம் வந்தது. நடுவில் ஜெனிட்டா, ரெண்டு பக்கமும் மற்ற ரெண்டு பேரும் தாங்கிப் பிடித்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு கையில் பேனர் மூலை. நாலாவது மூலை காலி. பேனர் தொங்கக் கூடாது இல்லையா? பிரசன்னா சாரே ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டு, பேன்ட் சட்டையோடு, சிரித்த முகமாகக் கோட்டைத் தாண்டினார். அந்தப் படம்தான் இப்போது கேண்டீனில் மாட்டியிருக்கிறது. சோறு வாங்க வரிசையில் நிற்கும்போதெல்லாம் என் மூலையை அவர் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

திங்கட்கிழமை ரூமுக்குக் கூப்பிட்டார். நாலு பேரையும்.

"நான் ரெண்டாவது வந்தேன் சார்," என்றேன்.

"யாரு வந்தா?" பேப்பரை எடுத்து மேசையில் போட்டார். அதில் நான். கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறேன். நெஞ்சில் நம்பர். "இதுல மில்லு பேரு எங்க இருக்கு? யாரோ ஒரு புள்ள மஞ்சச் சட்டை போட்டு ஓடுது. அவ்வளவுதான்."

அப்புறம் ஜெனிட்டா பக்கம் திரும்பினார். "பாலத்துல உன்னை விட்டுட்டுப் போனாளா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா சார். நான்தான் போகச் சொன்னேன்" என்றாள்.

கவனித்தீங்களா அக்கா? ஆமா சார். அந்த ஆமா எதற்கு? நான்தான் போகச் சொன்னேன் என்று மட்டும் சொல்லியிருந்தால் முடிந்தது. முன்னால் அந்த ஆமாவைப் போட்டாளே, அதுதான் என் பேரை வெட்டிவிட்டது. சார் அதற்குப் பிறகு எதையும் கேட்கவே இல்லை. "ஒத்திகையிலயே விட்டுட்டுப் போறவ மேடையில என்ன செய்வா? நீ சென்னைக்கு வேண்டாம்மா" என்றார்.

ரூமுக்கு வந்து ஜெனிட்டாவிடம் கத்தினேன். உன் ஆமாவில் தீயை வைக்க என்றேன்.  அன்றிலிருந்து அவளோடு பேச்சு இல்லை. அவள் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாலும் தள்ளிவிடுவேன்.

இனிமேல்தான் கேளுங்க. சென்னைக்கு எங்கள் பேரையெல்லாம் முன்னாலேயே பதிந்தாகிவிட்டது. பேரை மாற்ற முடியாதாம். சாருக்கு நாலு பேர் வேண்டும், பேனருக்கு நாலு மூலை. என்ன செய்தார்? கனகலதா என்று ஒரு புதுப்பிள்ளை, என்னை மாதிரியே ஒல்லி, கறுப்பு. அவளை என் பேரில் ஓட வைக்கிறார். மெஷினில் நூல் சுற்றின ஒரு பாபினைக் கழற்றிவிட்டு இன்னொன்றைச் சொருகுகிற மாதிரி. வழியில் யாராவது பேர் கேட்டால் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று காம்பவுண்டில் பழக்கும்போதே அவளை "முத்துப்பேச்சி, வேகமா! முத்துப்பேச்சி, கைய ஆட்டு!" என்று கூப்பிடுகிறார். நான் ஷிப்ட் முடிந்து கேண்டீன் படியில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாள் அவர் கூப்பிட்டபோது நானும் எழுந்துவிட்டேன் அக்கா. அவளும் திரும்பினாள், நானும் எழுந்தேன். சார் என்னைப் பார்த்து, "உன்னை இல்ல" என்றார்.

உன்னை இல்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு முத்துப்பேச்சி நாற்பத்திரண்டு ஓடி முடிப்பாள். சர்டிபிகேட் வரும், அதில் முத்துப்பேச்சி என்று இருக்கும். நான் அன்றைக்கு மெஷினுக்கு நடுவில் இழை ஒட்டிக்கொண்டிருப்பேன். விடுவேனா?

நம்பர் வாங்க ஆதார் வேண்டும். சாரிடம் ஜெராக்ஸும் நான் எப்போதோ போட்ட கையெழுத்தும் இருக்கிறது, அதைக் காட்டி அவரே வாங்கிவிடுவார். ஒரிஜினல் வார்டன் பீரோவில். எல்லார் ஆதாரும் அங்கேதான். எப்படி எடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். நேற்று ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால் அந்த ஆதார் கார்டு என் தலையணை மேலே கிடக்கிறது. எதிர்க்கட்டிலில் ஜெனிட்டா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். வார்டன் ரூமைப் பெருக்கித் துடைக்கிற முறை இந்த வாரம் அவளுக்குத்தான். கையில் கொடுத்தால் என்ன, குறைந்தா போய்விடுவாள்? தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். அவ்வளவு வீம்பு. நானும் அதை எடுத்துப் பையில் வைத்துவிட்டு என் பக்கத்துச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். இன்றைக்கு சாரும் டீமும் வேனில் கிளம்புவதற்கு முன்னாலேயே, காலை ஷிப்ட் மாறுகிற கூட்டத்தில் கேட்டைத் தாண்டி, நாலுவழிச் சாலைக்கு வந்து, இந்த பஸ்ஸுக்குக் கை காட்டினேன். சென்னையில் எங்கே படுப்பாய் என்று நீங்களும் கேட்காதீங்க. அதையெல்லாம் யோசித்தால் ஓட முடியாது.

என்ன, நிறுத்துகிறான்? மறுபடியும் டீயா? இந்த டிரைவருக்கு வயிறா, டேங்கா? இறங்குங்க, இறங்கினால்தான் சீக்கிரம் எடுப்பான்.

இருங்க, போன் வருகிறது. அவள்தான். பேசுவதில்லை என்று சொன்னேனே, எடுக்கவா? எடுக்கிறேன். நீங்களே கேளுங்க அவள் பேசுகிற லட்சணத்தை. ஸ்பீக்கரில் போடுகிறேன்.

"என்ன?"

"பேச்சி, எங்கடி இருக்க?"

"எங்கயோ இருக்கேன். உனக்கென்ன?"

"கத்தாத. பங்க் பாத்ரூம்ல இருந்து பேசுறேன். நீ பஸ் ஏறிட்டன்னு வார்டன் சாருக்குப் போன் போட்டுட்டா. சார் வேன வெரட்டுறாரு. பெரம்பலூர் தாண்டிட்டோம்."

"பெரம்பலூரா? அதுக்குள்ளயா?"

"நீ எங்க?"

"விக்கிரவாண்டிகிட்ட. டீக்கு நிப்பாட்டிருக்கான் பாவி."

"அப்பச் சரி. எனக்கு உளுந்தூர்பேட்டைகிட்ட வயித்து வலி வரும்."

"மாத்திரை போட்டியா? வண்டில ஏறுனாலே உனக்கு..."

"ஏ லூசு. இப்ப வலியே இல்ல. அங்க வரும். அன்னைக்குப் பாலத்துல எப்படி வந்துச்சு, அதே மாதிரி வரும். ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்பேன். சார் பயந்துருவாரு, எப்படியும் ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். நீ போய் வாங்கிரு."

"அப்புறம் உன்னையும் ஞாயித்துக்கிழமை விடமாட்டாரு ஜெனி."

"தெரியும்."

"ஜெனி, வேண்டாம். நான் வேகமாப் போயிருவேன். வேண்டாண்டி."

"சார் கதவத் தட்டுறாரு. நீ போ."

வைத்துவிட்டாள். பாத்தீங்களா அக்கா? நான் கேட்டேனா இவளை? கெஞ்சினேனா? எல்லாம் இவளே முடிவு பண்ணுவாள். திரும்பப் போடுகிறேன், அணைத்து வைத்திருக்கிறாள். பாருங்க, நீங்களே காதில் வைத்துக் கேளுங்க.

எப்பவும் இவளுக்கு இதே வேலை. இவள் ரோட்டோரத்தில் உட்கார்ந்துகொள்வாள், என்னைப் போகச் சொல்வாள். போனால் போய்விட்டாள் என்பார்கள். நல்ல பேர் அவளுக்கு. இவளும் ஓடத்தானே ஆசைப்பட்டாள்? அந்த நாலுவழிச் சாலையில் என்னோடு சேர்ந்துதானே... சே.

வேன் வராது அக்கா. அவள் சொன்னால் செய்துவிடுவாள். நம்பர் எனக்குத்தான். நாற்பத்திரண்டும் எனக்குத்தான். சந்தோஷம்தானே, ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீங்க?

டிரைவர் அண்ணே! வண்டிய எடுங்கண்ணே!

நீங்க ஏறி உட்காருங்க. நான் உட்காரவில்லை. சென்னை வரைக்கும் நின்றுகொண்டே வருகிறேன்.